நல்லா நடிச்சா மேல வந்துடலாமா? ஆடிஷனுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாலிகிராமத்தில் ஒரு வாடகை மாடியில் 16 வருடமாக ஆடிஷன் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் உதவி இயக்குநராக, இப்போது இணை இயக்குநராக. நடித்துக் காட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள். ஆளுக்கு ஆள் வார்த்தை மாறும், சந்தேகம் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். பேச்சு தமிழ் சினிமாவைப் பற்றி மட்டும்.

சார், நல்லா நடிச்சா மேல வந்துடலாமா, முடியாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தை என்றால், "வரலாம்." ஆனால் எதை "மேல" என்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். தொடர்ந்து வேலை கிடைப்பதும், யூனிட்டில் மரியாதையாக நடத்துவதும், அடுத்த படத்துக்கும் போன் வருவதும்தான் மேலே வருவது என்றால், திறமைக்கு அது பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. தாமதமாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

போஸ்டரில் முகம், கோடியில் சம்பளம் என்றால் கதை வேறு. அங்கே நடிப்புத் திறமை சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. இருந்தால் மணக்கும். பருப்பு வேறு இடத்திலிருந்து வரவேண்டும்.

அப்போ சம்பளத்தை எதை வெச்சுதான் முடிவு பண்றாங்க?

படத்துக்குப் பூஜை போடும் முன்பே தயாரிப்பாளர் ஒரு கணக்கு எழுதுவார். தமிழ்நாடு தியேட்டர் உரிமை எவ்வளவு போகும், வெளிநாடு எவ்வளவு, சாட்டிலைட் (டி.வி. உரிமை), ஓடிடி, ஹிந்தி டப்பிங் எவ்வளவு என்று. பக்கத்தில் ஹீரோவின் பெயரை மாற்றிப் பாருங்கள், அத்தனை எண்ணும் மாறும். அந்தப் பெயரால் வருகிற வியாபாரத்தில் ஹீரோ ஒரு பங்கு கேட்கிறார். அதைத்தான் நாம் சம்பளம் என்கிறோம். நன்றாக அழுதார், நன்றாக வசனம் பேசினார் என்பதற்கு அதில் தனியாக ஒரு வரி கிடையாது.

மற்றவர்களுக்கெல்லாம் நாள் கணக்கு. காலை 9லிருந்து மாலை 6 வரை ஒரு கால்ஷீட், இத்தனை நாள், இவ்வளவு பேட்டா (தினப்படி). புரொடக்‌ஷன் மேனேஜர் போனில் கேட்கும் முதல் கேள்வி, "போன படத்துல என்ன வாங்குனீங்க?" அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றுவார், முடிந்தால் அதையும் குறைப்பார். ஆரம்பத்தில் குறைவாகப் பேசி மாட்டிக்கொண்ட நல்ல நடிகர்கள் பல வருடம் அதே படியில் நிற்பது இதனால்தான்.

இது இந்தக் காலத்துக் கொடுமை என்று சிலர் நினைக்கிறார்கள். 1935இல் வந்த பக்த நந்தனார் படத்துக்கு கே.பி. சுந்தராம்பாளுக்கு 1 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அந்தக் குரலைக் கேட்க நாடகக் கொட்டகையில் கூட்டம் கூடும் என்று தெரிந்துதான் கொடுத்தார்கள். அவர் திறமை பெரிய திறமைதான், ஆனால் அது ஏற்கனவே டிக்கெட்டாக விற்றுக் காட்டிய திறமை.

அசாத்தியமா நடிக்கிறவனுக்கும் சுமாரா நடிக்கிறவனுக்கும் ஒரே ரேட்டா? அநியாயமா இல்லையா?

முதல் படத்தில் கிட்டத்தட்ட ஒரே ரேட்தான். ஒரு காட்சிக்கு இவ்வளவு நடிப்பு இருந்தால் போதும் என்று ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டி நீங்கள் எவ்வளவு உயரம் போனாலும் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை. இரண்டாவது தடவை கூப்பிடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மா வேடத்துக்கு ஓர் அக்கா வந்திருந்தார், மேடை நாடகத்திலிருந்து வந்தவர். ஊருக்குக் கிளம்பும் மகனுக்குக் காபி கொடுக்கும் காட்சி. மாஸ்டர் ஷாட்டில் (காட்சி முழுவதையும் ஒரே வீச்சில் எடுப்பது), "பார்த்துப் போயிட்டு வா" என்று சொல்லும்போது "பார்த்து" என்ற சொல்லில் டம்ளரின் விளிம்பை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு நீட்டினார். யாரும் சொல்லித்தரவில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து, லைட்டிங் மாற்றி, இரண்டரை மணி நேரம் கழித்து க்ளோசப். எந்த ஷாட்டில் யார் என்ன செய்தார்கள் என்று குறித்து வைக்கும் கண்டினியுட்டி நோட்டோடு நான் ஓடுவதற்குள் அதே சொல்லில், அதே கையால், அதே பக்கம் துடைத்தார். அப்புறம் மகன் பக்கம் கேமராவைத் திருப்பி சஜஷன் ஷாட் எடுத்தோம். அதில் அவர் தோளும் கையும் மட்டும்தான் தெரியும். அப்போதும் துடைத்தார், கண் கலங்கியபடி.

இதை ரசித்தவர் இயக்குநர். ஆனால் அடுத்த வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்தது மேனேஜர். "அந்தம்மாவைப் போட்டா அரை நாள் மிச்சம்யா" என்றார். மூன்று படத்துக்குக் கூப்பிட்டார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். உயர்ந்த நடிப்புக்கு இங்கே சம்பளம் வருவது பல நேரம் இப்படி மாறுவேடத்தில்தான். ஒரே டேக், டயம் மிச்சம், எடிட்டருக்குத் தலைவலி இல்லை.

சிவாஜிக்கே தேசிய விருது கொடுக்கலையாமே, அது உண்மையா? அப்போ நாங்கெல்லாம் எம்மாத்திரம்?

சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை, உண்மை. ஆனால் ஒரு தகவலை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நடிகருக்கென்று தேசிய விருது கொடுக்க ஆரம்பித்ததே 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். கட்டபொம்மன் 1959, பாசமலர் 1961, நவராத்திரி 1964. இவையெல்லாம் வந்தபோது அப்படி ஒரு பிரிவே கிடையாது. கட்டபொம்மனுக்காக 1960இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார்.

அதற்காக ஆறுதல்பட்டுக்கொள்ளவும் முடியாது. தில்லானா மோகனாம்பாள் 1968இல் வந்தது, சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் வாங்கியது, அதில் சிக்கல் சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜிக்கு ஒன்றுமில்லை. தமிழில் அந்த விருதை முதலில் வாங்கியவர் எம்.ஜி.ஆர்., 1971இல் வந்த ரிக்‌ஷாக்காரனுக்கு. (எம்.ஜி.ஆர். ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், வருடத்தை மட்டும்தான் சொன்னேன்.) பிரான்ஸ் அரசின் செவாலியே விருது சிவாஜிக்கு 1995இல் வந்தது, தாதாசாகேப் பால்கே அதற்கும் பிறகு. சிவாஜிக்கு மார்க்கெட் கொடுத்ததும் சோறு போட்டதும் தியேட்டரில் உட்கார்ந்திருந்த கூட்டம்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பராசக்தி கதை. 1952இல் அந்தப் படம் எடுக்கும்போது, இந்தப் புதுப் பையன் சரிப்படமாட்டான், மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முடியாது என்று பிடிவாதமாக நின்றார். அந்த நன்றியில் சிவாஜி பொங்கல்தோறும் வேலூருக்குப் போய்ப் பெருமாளை வணங்கியது ஊருக்கே தெரியும். அவ்வளவு பெரிய திறமைக்கும் பக்கத்தில் ஒரு பிடிவாதக்காரர் தேவைப்பட்டிருக்கிறார்.

விக்ரம், விஜய் சேதுபதி எல்லாம் திறமையாலதானே சார் வந்தாங்க?

ஆமாம். ஆனால் தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள். விக்ரமின் முதல் படம் 1990இல். அப்புறம் அமராவதியில் அஜித்துக்கும் காதலனில் பிரபுதேவாவுக்கும் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஹீரோவாக நடித்த சேது எடுத்து முடித்தும் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. 1999 டிசம்பரில் ஒருவழியாக வெளிவந்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே ஓடியது. 1998 விக்ரமுக்கும் 2000 விக்ரமுக்கும் நடிப்பில் எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும்? அந்த ஒரு படம் பெட்டியிலேயே தூங்கியிருந்தால்? இந்த இரண்டையும் யோசித்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

விஜய் சேதுபதி துபாயில் கணக்காளர் வேலை பார்த்துவிட்டு வந்து, கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலும் கணக்கு எழுதும் வேலைக்குத்தான் சேர்ந்தார். புதுப்பேட்டை, வெண்ணிலா கபடிக்குழு படங்களை இன்று மறுபடி பார்த்தால் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்றில் 2010இல் ஹீரோ. ஆனால் பீட்சாவும் நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோமும் ஓடிய 2012க்கு அப்புறம்தான் வியாபாரம் என்று ஒன்று வந்தது.

சரி, கூத்துப்பட்டறை மாதிரி இடத்துல கத்துக்கிட்டா வேலை நிச்சயமா?

நிச்சயமில்லை. ந. முத்துசாமி 1977இல் ஆரம்பித்த அந்த இடத்திலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று வரிசையாக வந்திருக்கிறார்கள். பெயர் தெரியாமல் போனவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் மோசமான நடிகர்கள் என்று நான் சொல்லமாட்டேன், சிலரை ஆடிஷனில் பார்த்திருக்கிறேன்.

குரு சோமசுந்தரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் ஆரண்ய காண்டத்தில் அந்த ஜமீந்தாரைப் பார்த்து நாங்கள் உதவி இயக்குநர்கள் எல்லாரும் மிரண்டோம். இனி இவரைப் பிடிக்கவே முடியாது என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். ஜோக்கர் வர 2016 ஆயிற்று. நாடு முழுக்கத் தெரிந்த முகமாக ஆனது 2021இல், மலையாளப் படமான மின்னல் முரளியில். ஆரண்ய காண்டம் தியேட்டரில் ஓடவில்லை என்பதற்கான விலையை அவரும் சேர்ந்து கொடுத்தார்.

பயிற்சியால் என்ன லாபம் என்றால், வாய்ப்பு வரும் நாளில் உடம்பும் குரலும் தயாராக இருக்கும். வாய்ப்பைக் கொண்டுவரும் வேலை பயிற்சிக்கு இல்லை.

ஆடிஷன்ல நீங்களே சூப்பர்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் கூப்பிடலை?

சூப்பர் என்றது பொய்யில்லை. ஒரு தடவை ஹீரோவின் தம்பி வேடத்துக்கு ஒரு பையன் வந்தான். மதுரைப் பக்கம். அவன் பேசி முடித்ததும் அறையில் யாரும் பேசவில்லை. ஆனால் ஹீரோவைவிட ஒரு சாண் உயரம். பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் யார் தம்பி யார் என்றே தெரியாது. வேறொருவரைப் போட்டோம்.

இப்படி நூறு காரணம் இருக்கிறது. மாமனார் வேடத்துக்கு ஏற்கனவே எடுத்தவர் முகத்தோடு உங்கள் முகம் பொருந்தாது. தேதி ஒத்துவராது. தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஒரு பெயர் வந்திருக்கும். ஆடிஷன் என்பது மதிப்பெண் போடும் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு வந்தால் மனசு உடைந்துவிடும். இங்கே முதல் மார்க் வாங்கியவருக்கு சீட் என்ற வழக்கமே கிடையாது. காலியாக இருக்கும் ஓட்டைக்குச் சரியாக உட்காரும் ஆணியைத் தேடுகிறோம். அந்த மதுரைப் பையனின் வீடியோ இன்னும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து வேறு படத்துக்கு நானே தேடிப் பிடித்தேன். அதற்குள் அவன் எண் மாறியிருந்தது, நண்பர்களிடம் விசாரித்துத்தான் கிடைத்தான். எண் மாற்றினால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ரொம்ப நல்லா நடிச்சா ஹீரோ நம்ம சீனை வெட்டச் சொல்லிடுவாராமே?

நடக்கும். எனக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. பெயர் வேண்டாம். பெரும்பாலும் யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். "லெங்த் அதிகமா இருக்கு" என்பார்கள், போய்விடும். சில நேரம் உண்மையிலேயே லெங்த் அதிகமாகத்தான் இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. திருவிளையாடல் படத்தில் தருமியாக நாகேஷ் புலம்பும் காட்சியைப் பார்த்துவிட்டு, தன்னையே தூக்கிச் சாப்பிட்ட அந்தக் காட்சியில் ஓர் அடிகூட வெட்டக்கூடாது என்று சிவாஜி சொன்னதாகத் திரையுலகில் காலங்காலமாக ஒரு கதை சொல்வார்கள். 1965இல் வந்த படம், இன்றைக்கும் தருமி இருக்கிறார். தன் இடம் உறுதி என்று தெரிந்தவர்தான் இப்படிச் சொல்லமுடியும். அதனால், யாரோடு நடிக்கப் போகிறீர்கள் என்பதும் கவனிக்கவேண்டிய விஷயம்.

எனக்கு ஹீரோ முகம் இல்லை. திறமை மட்டும் போதுமா?

எந்த முகம் ஹீரோ முகம் என்பதை ஓடுகிற படம்தான் தீர்மானிக்கிறது. தனுஷ் வந்தபோது என்னவெல்லாம் பேசினார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிறகு ஆடுகளத்துக்கும் அசுரனுக்கும் இரண்டு தேசிய விருது. அம்மை வடு முகத்தோடு நாகேஷ் சர்வர் சுந்தரமாக ஒரு படத்தையே தூக்கிச் சுமந்தார்.

ஆனால் முகத்தால் விழும் முத்திரை பொல்லாதது. ஒரு படத்தில் ரவுடியின் வலது கையாக வந்தால் அடுத்த ஐந்து படத்துக்கும் அதே வலது கைதான். நன்றாகச் செய்தீர்களோ, இன்னும் அழுத்தமாக விழும். நல்ல நடிப்புக்குக் கிடைக்கிற தண்டனை என்று வேடிக்கையாகச் சொல்வோம். ஒரே மாதிரி மூன்றாவது வேடத்துக்கு முடியாது என்று சொல்லும் அளவுக்குக் கையில் காசு இருப்பவர்தான் அதிலிருந்து தப்பிக்கிறார். வாடகை கொடுக்க ஒரு பக்க வேலை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் நச்சரிப்பது இதற்காகத்தான்.

பொண்ணுங்களுக்கும் இதே கணக்குதானா?

இன்னும் கடுமை. பல படங்களில் கதாநாயகி நடிப்பையே இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. 96 படத்தில் ஜானுவைப் பார்த்து உருகியவர்கள் பாதி உருகியது த்ரிஷாவுக்கு, பாதி சின்மயியின் குரலுக்கு. அதில் குற்றமில்லை, இருவரும் அருமையாகச் செய்தார்கள். ஆனால் தமிழ் தெளிவாகப் பேசத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, அந்தத் திறமையால் கதாநாயகி வாய்ப்பு கூடுவதில்லை. டப்பிங் தியேட்டரில்தான் அதற்கு வேலை.

வயது இன்னொன்று. சரண்யா பொன்வண்ணன் 1987இல் நாயகனில் கதாநாயகி. சிறந்த நடிகைக்கான தேசிய விருது வந்தது தென்மேற்குப் பருவக்காற்றுக்கு, விஜய் சேதுபதியின் அம்மாவாக. கதாநாயகனுக்கு 50 வயதிலும் காதல் பாட்டு உண்டு. கதாநாயகி அதற்குள் அம்மா ஆகிவிடுவார். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த மனோரமா ஆச்சி, எந்த ஊர் வழக்கைக் கொடுத்தாலும் பேசிய ஆச்சி, தேசிய விருது வாங்கியது 1989இல் வந்த புதிய பாதைக்காக, துணை நடிகை என்ற பிரிவில்.

விருது வாங்கினா மார்க்கெட் ஏறுமா?

பெரும்பாலும் இல்லை. மரியாதை ஏறும். அழகர்சாமியின் குதிரைக்காக அப்புக்குட்டிக்கு 2011ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகர் தேசிய விருது கிடைத்தது. அதற்கு அப்புறமும் பெரிய படங்களில் அவருக்கு வந்தது பெரும்பாலும் துணை வேடம்தான். இரண்டாவது பதிலில் சொன்ன கணக்குத் தாளை நினைத்துப் பாருங்கள், அதில் விருதுக்குக் கட்டம் இல்லை.

இன்னொன்று, விருது வருவதற்குள் ஒரு ஆயுள் போய்விடுகிறது. நாகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது நம்மவருக்காக, 1994இல் வந்த படம். எம்.எஸ். பாஸ்கர் டப்பிங், சீரியல், நகைச்சுவை என்று பல பத்தாண்டுகள் உழைத்தவர். பார்க்கிங் படத்துக்கு அவருக்கு விருது அறிவித்தது 2025இல். அன்று எங்கள் ஆபீஸில் கேக் வெட்டினோம். அவரோடு எங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, சும்மா சந்தோஷம்.

வாரிசுங்களுக்கு மட்டும் எப்படி வாய்ப்பு வருது?

முதல் வாய்ப்பைப் பார்த்துத்தான் எல்லாரும் பொருமுகிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டாவது, மூன்றாவது வாய்ப்புதான் உண்மையான சொத்து. வெளியாளுக்கு முதல் படம் விழுந்தால் ஊருக்கு பஸ். வாரிசுக்கு விழுந்து எழுந்து கற்றுக்கொள்ள நாலைந்து படம் கிடைக்கும். சூர்யா நேருக்கு நேரில் வந்தது 1997. நடிகர் என்று நாம் உட்கார்ந்து பார்த்தது 2001இல் நந்தா வந்தபோது. அந்த நான்கு வருடத்தில் அவர் உழைத்தார், யாரும் மறுக்கமுடியாது. ஆனால் அதே நான்கு வருடம் உங்களுக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பிறவித் திறமை என்று நாம் சொல்வதில் பாதி, தப்பு செய்யக் கிடைத்த அவகாசம்.

எத்தனை வருஷம் முயற்சி பண்ணிப் பாக்கலாம்?

வருடக் கணக்கு என்னிடம் இல்லை. ஆனால் ஓர் அடையாளம் பார்ப்பேன். ஒரு தடவை உங்களோடு வேலை செய்தவர் யாராவது, நீங்கள் கேட்காமலே, மறுபடி உங்களைக் கூப்பிட்டாரா? குறும்படமாக இருக்கட்டும், தெருநாடகமாக இருக்கட்டும். கூப்பிட்டால் உங்களிடம் ஏதோ இருக்கிறது, இருந்து பார்க்கலாம். நாலைந்து வருடத்தில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை என்றால், நண்பர்கள் கைதட்டுவதை வைத்து ஏமாறவேண்டாம்.

ஒரு ஏஜென்ட் அம்பதாயிரம் கட்டினா பெரிய ஹீரோ படத்துல கேரக்டர் ரோல் கன்ஃபர்ம்ங்கறார். திறமை இருக்கறவங்களுக்கு மட்டும்தானாம். கட்டலாமா?

கட்டாதீர்கள். நடிக்க வருகிறவருக்குப் படக்கம்பெனிதான் பணம் கொடுக்கவேண்டும். அந்தப் படத்தின் இயக்குநர் அலுவலகம் எங்கே என்று கேளுங்கள், நேரே போய் உதவி இயக்குநர்களிடம் விசாரியுங்கள். வடபழனி, சாலிகிராமம் டீக்கடைகளில் அரை மணி நேரம் நின்றாலே எந்தப் படம் உண்மையில் நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஏற்கனவே கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீஸில் புகார் கொடுங்கள்.